காலையின் முதல் ஸ்டார்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெரான்டோ கார் வைத்திருக்கும் யாரும் இன்னொரு வெரான்டோக்காரரின் வீட்டுக்குப் போக மாட்டார்கள். புதுச்சேரியில் இது எழுதப்படாத சட்டம். பிறந்த நாளா, சாயங்காலம் கேக்கோடு போகலாம். இழவா, வெயில் ஏறிய பிறகு மாலையோடு போகலாம். காலையில் மட்டும் கூடாது. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்கிற நேரம் அது. அந்த நேரத்தில்தான் வெரான்டோ உண்மை பேசும்.

டக், டக், டக் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். அடங்கிய பிறகு அந்த வண்டியைப் போல உறுமுகிற வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே கிடையாது. அதனால் எல்லாரும் அவரவர் வீட்டில் வண்டியைக் கிளப்பி, நாலு தெரு சுற்றிச் சூடாக்கிக்கொண்டுதான் காலாப்பட்டு காபி ஷாப்பில் நடக்கும் ஞாயிறு கூட்டத்துக்கு வந்து சேர்வார்கள். டிபன் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, எஞ்சின் ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

கஸ்தோனுக்கு இந்தச் சூட்சுமம் புரிய வெகுநாள் ஆயிற்று. தன் வண்டி மட்டும்தான் தட்டுகிறது என்று நினைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு, அவரும் விடியற்காலையில் தான் குடியிருந்த சாரம் பகுதியின் ஸ்பீடு பிரேக்கர்களில் வயிறு உரச உரச வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

கஸ்தோன் பாரிஸில் மெட்ரோ ரயில் ஓட்டியவர். பாதி ஆயுள் தரைக்குக் கீழே போய்விட்டது. மேலே வெயிலா மழையா என்பதைக்கூட ஏறுகிற ஜனங்களின் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதும், கையில் வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் மஞ்சள் நிற வெரான்டோவில் போட்டார். மேல்கூரை திறக்கிற மாடல். வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மனைவி ஜெர்மேன் அந்த வண்டியை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உங்க வாழப்பழம்" என்பாள்.

அவளுடைய மனசெல்லாம் பிரான்ஸில், லியோன் நகரத்தில் இருந்தது. மகள் லோரா அங்கேதான். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கி, வருஷத்தில் பாதி அங்கே இருக்க வேண்டும் என்பது ஜெர்மேனின் கணக்கு. அந்தக் கணக்கில் கை வைத்துத்தான் கஸ்தோன் கார் வாங்கினார்.

"இந்த மாதிரி வண்டிக்கு விலை இறங்காது ஜெர்மேன். ரெண்டு வருஷம் ஓட்டிட்டு அப்படியே வித்துடலாம். அந்தப் பணத்துல ஃப்ளாட். இது என் வாக்கு."

ரெண்டு வருஷம் முடிகிற நேரத்தில் லோரா போன் செய்து, டிசம்பரில் குழந்தை என்றாள். ஜெர்மேன் சந்தோஷத்தில் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "வாழப்பழத்த எப்ப விக்கிறீங்க?"

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலாப்பட்டிலிருந்து திரும்பும் வழியில், எஞ்சின் செத்தது.

முதலில் அந்தத் தட்டல். சூடான எஞ்சினில் வரவே கூடாத தட்டல். அப்புறம் உள்ளே ஏதோ உடைந்து உருண்டது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை. கஸ்தோன் ஓரங்கட்டி இறங்கினார். சென்னை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, கண்டக்டர் தலையை நீட்டினார்.

"இன்னா பெரியவரே, அடுப்பு பத்திக்கிச்சா? பாண்டி தானே, ஏறிக்க. சீட் இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது.

வண்டியை லாரியில் ஏற்றிச் சென்னை ஷோரூமுக்கு அனுப்பினார். பிரித்துப் பார்த்தார்கள். சிலிண்டரின் உள்சுவர் முழுக்க நகத்தால் பிராண்டியது போல் கீறல். வாரண்டி முடிய இன்னும் சில வாரம் இருந்தது; அதில் மாற்றித் தருவார்கள் என்று போனவரிடம், டை கட்டிய சர்வீஸ் மேனேஜர் ஏசி அறையில் உட்காரவைத்து, ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"ஓட்டுற விதம் சார். எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி மிதிச்சிருக்கீங்க."

"நான் ரயிலே ஓட்டினவன்ப்பா. எனக்கு மெதுவா கிளப்பத் தெரியாதா?"

"ஒரு ஊர்ல ஒரு வண்டி போனா அது ஓட்டுறவர் தப்பு சார். நாலு வண்டி போனா வேற பேச்சு. உங்க ஊர்ல வேற யாரும் எதுவும் சொல்லலையே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் கஸ்தோனின் தூக்கத்தைக் கெடுத்தது. பிரெஞ்சு தெரிந்ததால் பிரான்ஸ் நாட்டு வெரான்டோக்காரர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தார். அங்கேயும் இதே தட்டல், இதே கீறல். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஆள் எஞ்சினுக்குள் கேமரா விட்டுப் படம் எடுத்து, மொத்தமாகக் கொண்டுபோய்க் கம்பெனி மேஜையில் போட்டார்கள். கம்பெனி மூச்சு விடாமல் எல்லாருக்கும் எஞ்சின் மாற்றிக் கொடுத்திருந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கஸ்தோன் ஸ்கூட்டரில் போனார்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. தலைவர் ராஜவேல், கடற்கரைப் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவர், கஸ்தோனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வில்லியனூர் சாலையில் மாத்திரைக் கம்பெனி நடத்தும் வினோதா, கூட்டத்தில் ஒரே பெண். ரியல் எஸ்டேட் செய்கிற இளவட்டம் ஆகாஷ். இன்னும் இரண்டு மூன்று பேர், வந்தால் உண்டு. வாட்ஸ்ஆப்பில் இவர்களுக்கு ஒரு குழு. அதற்கு 'லா ஃபமிய்' என்று பிரெஞ்சில் பெயர் வைத்தது கஸ்தோன்தான். குடும்பம் என்று அர்த்தம்.

கஸ்தோன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "நாலு பேர் சேர்ந்தா போதும். கேமரா விட்டுப் பாத்து, ஒரே புகாரா குடுத்துடலாம். எல்லாருக்கும் எஞ்சின் வந்துடும். யார் யார் வண்டி தட்டுது?"

எல்லாரும் கரண்டியை எடுத்துக் காபியைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

"என்னுது சும்மா வெண்ணெய் மாதிரி அங்கிள்," என்றான் ஆகாஷ்.

"உன்னுதும் தட்டலையா வினோதாம்மா?" என்றார் கஸ்தோன்.

வினோதா கோப்பையைக் கீழே வைத்தாள். "தட்டுது சார். போன வருஷத்துலேர்ந்து தட்டுது. சொன்னா, பொம்பள ஓட்டினா அப்படித்தான் ஆவும்பாங்க. அதான் வாயத் தொறக்கல."

ஆகாஷ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். ராஜவேல் மேஜையைத் தட்டினார்.

"இத இப்படி சந்தையில வச்சுப் பேசாதீங்கப்பா. வெளிய தெரிஞ்சா நம்ம வண்டிய ஓசியில குடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான். கம்பெனியில மேல இருக்கறவரு என் ஹோட்டல்லதான் வந்து தங்குவாரு. நான் பேசறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. சரியா?"

எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

அன்று மாலை ராஜவேல் கஸ்தோனைத் தன் ஹோட்டல் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். கடலைப் பார்த்தபடி ஆளுக்கொரு கிளாஸ். ராஜவேல் கஸ்தோனின் தோளில் கை போட்டார்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. என்னுதும் தட்டுதுடா மச்சான். உன்னுத விட மோசம். நீ மட்டும் தனியா இல்ல."

பாரிஸில் இத்தனை வருஷத்தில் கஸ்தோனின் தோளில் ஒருவன் இப்படிக் கை போட்டதில்லை. அன்று வீடு திரும்பி ஜெர்மேனிடம், "ராஜவேல் பாத்துக்கறான். கவலய விடு" என்றார்.

"அவரு பாத்துக்குவாரு. அவரோடத பாத்துக்குவாரு," என்றாள் ஜெர்மேன்.

"அவனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"ஹோட்டல் நடத்தறவரு. அது போதாதா?"

வாரங்கள் போயின. ராஜவேல் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில் சொன்னார்: பேச்சு நடக்கிறது, பொறுமை. நடுவில் அவருடைய சிவப்பு வெரான்டோ சென்னைக்குப் போயிற்று. பெயிண்டுக்கு மேலே பளபளப்புப் பூச்சு போட என்றார். திரும்பி வந்தபோது நிஜமாகவே பளபளத்தது. சென்னை ஷோரூம் திருப்பி அனுப்பிய கஸ்தோனின் மஞ்சள் வண்டி, பிரித்த எஞ்சினை வயிற்றில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, சாரத்து வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. தெருப் பூனை ஒன்று அதன் மேல் குட்டி போட்டது.

ஜெர்மேன் விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒரே ஒரு டிக்கெட்.

"எனக்கு?" என்றார் கஸ்தோன்.

"நீங்க வந்து எங்க தங்குவீங்க? லோரா வீட்டுல ஹால்ல ஒரு சோஃபா இருக்கு. அதுல நான் படுத்துக்கறேன். நீங்க இங்கயே இருங்க. வாழப்பழத்துக்கு ஒரு காவல் வேணாமா?"

இதற்கு மேலும் பொறுக்க முடியவில்லை. ராஜவேல் சோம்பேறி, பெரிய மனிதர்களிடம் குரல் உயர்த்தத் தயங்குபவன், அவ்வளவுதான் என்று கஸ்தோன் நம்பினார். ராஜவேல் வண்டியின் தட்டலைப் போனில் பதிவு செய்துவிட்டால்? தன் செத்த எஞ்சின், வினோதாவின் வண்டி, அதோடு ஹோட்டல் முதலாளியின் வண்டியும் சேர்ந்தால் கம்பெனியால் தட்டிக்கழிக்க முடியாது. ராஜவேல் ஒரு நாள் கோபப்படுவான். மறுநாள் எஞ்சின் வந்ததும் சிரிப்பான். சிநேகிதன்தானே.

அந்த ஞாயிறு விடியலில், போகக் கூடாத நேரத்தில், போகக் கூடாத வீட்டுக்குக் கஸ்தோன் போனார். கருவடிக்குப்பத்தில் ராஜவேலின் பங்களா. எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுக் காத்திருந்தார். திருட வந்தவன் மாதிரி மரத்தோடு ஒட்டி நின்றார். கேட் திறந்தது. ராஜவேல் லுங்கியோடு வந்து சிவப்பு வெரான்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

எஞ்சின் உயிர் பெற்றது.

கஸ்தோன் தட்டலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார். வரவில்லை. இப்போது வரும், இதோ வரும் என்று நின்றார். ஒரு தட்டல் இல்லை. பட்டுத் துணியை உருவுகிற மாதிரி வழுவழுவென்று ஒரே சீரான உறுமல். ஆறின எஞ்சின், ராத்திரிப் பனியில் நனைந்த எஞ்சின், பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக மூச்சு விட்டது.

சிலிண்டரில் விழுந்த கீறல் தானாக ஆறாது. பூச்சு போட்டால் மறையாது. கஸ்தோன் அப்படியே தெருவைக் கடந்து கேட்டுக்குள் போனார்.

ராஜவேல் அவரைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தார். அணைத்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"எப்படா மாத்தின?" என்றார் கஸ்தோன்.

"உள்ள வா, காபி சாப்டலாம்."

"எஞ்சின எப்ப மாத்தினன்னு கேட்டேன்."

ராஜவேல் லுங்கியை இறுக்கிக் கட்டினார். "கத்தாத, அக்கம்பக்கம் கேக்கும். நான் போய் அந்தக் கம்பெனிக்காரன் சட்டையப் பிடிக்கலடா. அவனாத்தான் சொன்னான். ஊருக்கு ஒரு எஞ்சின் குடுக்கலாம், யாருக்கு வேணும்னான். நான் இன்னா பண்றது? வேணாம்னு சொல்லணுமா?"

"சும்மா குடுத்தானா?"

"உங்கள எல்லாம் கொஞ்சம் அமைதியா வச்சுக்கச் சொன்னான்."

"எதுவரைக்கும்?"

ராஜவேல் கார் சாவியைக் கையில் உருட்டினார். கஸ்தோனே யோசித்துப் பார்த்தார். அவருடைய வண்டியின் வாரண்டி போன வாரத்தோடு முடிந்திருந்தது. பொறுமை, பொறுமை என்று சிநேகிதன் சொன்னதெல்லாம் அந்தத் தேதி கடக்கிறவரைக்குத்தான்.

"மொட்டை மாடியில என் தோள்ல கை போட்டியேடா."

"அன்னைக்குச் சொன்னது நெசம்தான். அன்னைக்கு என்னுதும் தட்டிச்சு," என்றார் ராஜவேல். பிறகு குரலை மாற்றினார். "உனக்கு இன்னாடா, நீ பிரான்ஸ்காரன். மாசம் பொறந்தா யூரோவுல பென்ஷன் வருது. நாளைக்கே பெட்டியக் கட்டினா போய்டுவ. இங்கயே கெடந்து பொழைக்கிறவன் நான். என் வண்டி நடுரோட்டுல நின்னா ஹோட்டலுக்கு எவன் வருவான்?"

கஸ்தோன் காபி சாப்பிடவில்லை. நேராகக் காலாப்பட்டுக்குப் போனார்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும், ராஜவேலை எதிரில் வைத்துக்கொண்டே, நின்றபடி எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அவன் நம்மை விற்றுவிட்டான், நம் வாய்க்குப் பூட்டு போட்டு அதற்குக் கூலியாக எஞ்சின் வாங்கிக்கொண்டான் என்றார். போனில் பதிவான அந்தச் சுத்தமான உறுமலையும் போட்டுக் காட்டினார். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. இப்போது யாராவது எழுந்து ராஜவேலின் முகத்தில் காபியை ஊற்றுவார்கள் என்று எதிர்பார்த்தார்.

ஆகாஷ் எழுந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு ராஜவேலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அங்கிள், அந்த கம்பெனிக்காரர் நம்பர் கெடைக்குமா?"

"உன்னுது வெண்ணெய் மாதிரின்னியேடா!" என்றார் கஸ்தோன்.

"அது அப்போ அங்கிள்."

மற்றவர்களும் நாற்காலியை நகர்த்தினார்கள். ஒருவர் வடைத் தட்டை ராஜவேலின் பக்கம் தள்ளினார். "ஒருத்தருக்குக் குடுத்தவன் இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டானா தலைவரே? உங்க செல்வாக்குக்கு..." ராஜவேலின் முகத்தில் வெளுப்பு போய் இரத்தம் ஏறியது. "ஒவ்வொருத்தரா பேசுவோம்ப்பா, அவசரப்படாதீங்க," என்று வடையை எடுத்தார். கஸ்தோன் நின்ற இடத்திலேயே நின்றார். காபி ஷாப் பணியாள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் மேஜையைத் துடைத்தான்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தபோது வினோதா மட்டும் பின்னாலேயே வந்தாள்.

"சார், நாம ரெண்டு பேரும் போடலாம்."

"இன்னாம்மா?"

"கன்ஸ்யூமர் கோர்ட்டுல. வாரண்டி முடிஞ்சா இன்னா, செஞ்ச பொருளே ஓட்டைன்னு போடலாம்னு எங்க வக்கீல் சொல்றாரு. என் வண்டியில கேமரா விடட்டும், எனக்கு வெக்கமில்ல. ஆனா என் வண்டி ஓடுது சார். ஓடற வண்டிய எவனும் நம்ப மாட்டான். உங்க எஞ்சின் பிரிஞ்சு கெடக்குது பாருங்க, அதுதான் சாட்சி. நீங்க கடைசி வரைக்கும் நிப்பீங்களா?"

கஸ்தோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நிப்பேம்மா. நான் நிக்காம யாரு நிப்பா?"

வீடு போய்ச் சேர்வதற்குள் 'லா ஃபமிய்' குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டிருந்தார். அன்று அவர் அதற்குக் கவலைப்படவில்லை. வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வினோதா வழக்குப் போட்டாள். அவளுடைய பெயர், அவளுடைய செலவு, அவளுடைய வண்டி. சாட்சிக்குக் கஸ்தோனின் எஞ்சின்.

ஜெர்மேன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ராஜவேல் வந்தார். ஆட்டோவில் வந்தார். கையில் பழக்கூடை.

"போன்ழூர் மதாம்," என்று வாசலிலிருந்தே பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

"போன்ழூர், போன்ழூர். எஞ்சின் சௌக்கியமா?" என்றாள் ஜெர்மேன்.

ராஜவேல் அசடு வழிந்தபடி உட்கார்ந்தார். கஸ்தோன் எழுந்து போகப் பார்த்தார். ராஜவேல் அவசரமாகச் சொன்னார்: "மச்சான், உனக்கு எஞ்சின் கெடச்சிருக்கு."

கஸ்தோன் நின்றார்.

"புதுசு. கம்பெனியே வந்து வண்டிய எடுத்துட்டுப் போய் மாட்டிக் குடுக்கும். வாரண்டியெல்லாம் பாக்க மாட்டாங்க, நல்லெண்ணத்துல தர்றாங்க. நீ மறுநாளே வித்துடலாம்."

"பதிலுக்கு?"

"ஒண்ணும் பெருசா இல்ல. குரூப்புல உன்ன திரும்பச் சேத்துடறேன். நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. எஞ்சின் போனது என் தப்புதான், சூடாகறதுக்கு முன்னாடி மிதிச்சுட்டேன், வண்டிமேல குறை இல்லன்னு. அவ்ளோதான். கம்பெனி வக்கீல் அத கோர்ட்டுல காட்டிக்குவாரு."

"வினோதா?"

"அவங்களுக்கு என்னப்பா, மாத்திரைக் கம்பெனி வச்சிருக்காங்க. ஒண்ணு போனா ஒண்ணு வாங்குவாங்க." ராஜவேல் எழுந்தார். "நாளைக்குள்ள சொல்லு. இதே ஆஃபர ஆகாஷ் வாயப் பொளந்துட்டுக் கேக்கறான்."

அவர் போன பிறகு கஸ்தோன் பழக்கூடையை எடுத்து வாசலில் வைத்தார். "அவன் மூஞ்சியப் பாத்தியா? நான் பொய் சொல்லணுமாம். அதுவும் என்னப் பத்தியே. ஒரு நாள் ஒரு ரயில நான் குலுக்கி நிறுத்தினதில்ல. நான் எஞ்சின மிதிச்சேனாம்."

ஜெர்மேன் மடித்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். வெளியே போய்ப் பழக்கூடையை எடுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

"அனுப்புங்க," என்றாள்.

"இன்னா சொல்ற?"

"பேசி அனுப்புங்க. உங்க மானத்த லியோன்ல யாரு விசாரிக்கப் போறா?"

"அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் ஜெர்மேன்."

"எனக்கும் குடுத்தீங்க. எனக்குக் குடுத்தது முந்தி." குரல் உயரவில்லை, அதுதான் கஸ்தோனைக் குத்தியது. "பேரக்கொழந்த பொறக்கறப்போ ஹால்ல சோஃபால படுத்துக் கெடக்கப் போறேன். பொண்ணுக்குப் பாரமா. எதுக்காக? உங்க தலைமேல கொஞ்சம் வெயில் படணும்னு. அந்த வெயில நீங்க அனுபவிச்சாச்சு. இப்ப பேசுங்க."

வெகுநேரம் கழித்துக் கஸ்தோன் ராஜவேலுக்குச் சரி என்று எழுதினார்; உடனே குழுவில் அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவை பேசியபோது குரல் இழுத்தது. ஜெர்மேன் கேட்டுவிட்டு, "சாவு வீட்டுல பேசற மாதிரி இருக்கு. திரும்பப் பேசுங்க," என்றாள். இரண்டாம் தடவை, 'அவங்க சொன்னபடி' என்று நடுவில் வாய் தவறிவிட்டது. அழித்தார். மூன்றாம் தடவை நன்றாக வந்தது. நிதானமாக, நடுக்கமில்லாமல், பாரிஸில் ஸ்டேஷன் பெயர் அறிவிக்கிற குரலில். எஞ்சின் கெட்டது என் கவனக்குறைவால். வெரான்டோவைப் போல ஒரு வண்டி கிடையாது. நண்பர்களுக்கு நான் கொடுத்த சிரமத்துக்கு மன்னிப்பு.

அனுப்பினார். போன் துள்ளித் துள்ளிக் கட்டைவிரல் எமோஜிகள் வந்து விழுந்தன. ஆகாஷ் இரண்டு பூங்கொத்து போட்டான்.

வினோதா மறுநாள் காலையில் போன் செய்தாள். கஸ்தோன் எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார்.

"சார், உங்க வாய்ஸ் கேட்டேன். எங்க வக்கீலும் கேட்டாரு. கேச வாபஸ் வாங்கிடுங்கன்னு சொல்றாரு."

"வினோதாம்மா..."

"நல்லா பேசியிருக்கீங்க சார். யாரு சொல்லிக் குடுத்தா?"

ஜெர்மேன் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லம்மா," என்றார் கஸ்தோன்.

"ராஜவேலண்ணா கெட்டிக்காரர்னு தெரியும் சார். அவர்கிட்ட ஏமாந்தா எனக்கு வலிக்காது. நான் உங்களப் போயி நம்பினேனே." அவள் போனை வைத்த பிறகும் கஸ்தோன் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.

பத்து மணிக்குக் கம்பெனி லாரி வந்தது. பூனையையும் குட்டிகளையும் விரட்டிவிட்டுத் தார்ப்பாயை உருவினார்கள். மஞ்சள் வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்து ஏற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மெஸ்யே, ரிப்பேரா? எப்படிப் போச்சு எஞ்சின்?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் கஸ்தோன். "ஆறிப்போன எஞ்சின மிதிச்சுட்டேன்."

இந்தத் தடவை சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

லாரி திருப்பத்தில் மறைந்தது. போன் துள்ளியது. ராஜவேல் குழுவில் எழுதியிருந்தார்: 'குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்தது. வர்ற ஞாயிறு கஸ்தோனுக்கு என் செலவில் டிபன்.' அதற்கு மேலே, சாம்பல் நிற எழுத்தில், வினோதா நீக்கப்பட்ட அறிவிப்பு. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

உள்ளேயிருந்து ஜெர்மேன் குரல் கொடுத்தாள். "ஏங்க, லியோனுக்கு உங்க குளிர் கோட்டையும் எடுத்து வைக்கட்டுமா?"

"வை," என்றார் கஸ்தோன். ராஜவேலின் செய்திக்கு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.